முகவரி கடைசியில்

அந்த வீட்டு மாடிப்படி எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு படியும் பளபளவென்று மின்னியது. டைல்ஸ் வியாபாரி வீட்டுப் படி பளபளக்காமல் வேறு யார் வீட்டுப் படி பளபளக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் சில மாதங்களுக்கு முன் இதே படியில் உருண்டு விழுந்துதான் அவருடைய அம்மா இறந்துபோனார் என்று கேட்ட பிறகு, அந்தப் பளபளப்பின் மேல் கால் வைக்கக் கூசியது.

"பார்த்து ஏறுங்க தம்பி. வழுக்கும்" என்றார் முன்னால் போன டைல்ஸ்காரர். "அம்மா விழுந்தப்போ நான் கடையில இருந்தேன். போன் வந்து ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். எனக்கும் அழுகை வந்தது. யார் அழுதாலும் எனக்கு வரும். துப்பறியும் தொழிலுக்கு இது ஆகாத குணம் என்று அத்தை பல தடவை சொல்லியிருக்கிறார்.

அத்தை என்றால் என் அப்பாவின் அக்கா. தபால் துறையில், வந்து சேராத கடிதங்களைப் பற்றிய புகார்களை விசாரிக்கும் பிரிவில் காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவர். ஓய்வு பெற்றதும் காணாமல் போன மனிதர்களைத் தேடக் கிளம்பிவிட்டார். இரண்டும் ஒரே வேலைதான், கடிதங்கள் எதிர்த்துப் பேசாது என்பது மட்டும்தான் வித்தியாசம் என்பார். நான் கேபிள் டிவி இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவன். கேபிள் தொழில் படுத்ததும் அத்தையின் உதவியாளன் ஆனேன். போலீஸ் இன்ஸ்பெக்டரான என் அப்பா என்னைத் தண்டம் என்று அழைப்பார். அத்தை மருமகனே என்று அழைப்பார். மரியாதை கருதி நான் அத்தையிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

"இதுதான் தங்கச்சி ரூம்" என்று டைல்ஸ்காரர் கதவைத் தள்ளினார். அத்தையும் எங்களுக்குப் பின்னால் மெல்ல ஏறி வந்து சேர்ந்தார்.

கட்டில், மேஜை, நாற்காலி. மேஜையில் ஒரு ஹெட்போனும் பழைய விசைப்பலகையும் இருந்தன. திரை இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கணினி திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஒரு குரலைக் கேட்டுக்கொண்டே, ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கிக் கொடுக்கும் வேலையை வீட்டிலிருந்தபடி செய்துகொண்டிருந்தாள். போன வாரம் மடிக்கணினியோடு காணாமல் போய்விட்டாள். பிறகு அண்ணனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை அவர் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பி வைத்திருந்தார். நான் போனில் எடுத்து இன்னொரு முறை படித்தேன்.

'அண்ணா, நான் நன்றாக இருக்கிறேன். என்னைத் தேட வேண்டாம். ஏன் என்பதை இத்துடன் இணைத்திருக்கிறேன்.'

அவ்வளவுதான். கீழே ஓர் இணைப்பும் இல்லை.

"பாருங்க மேடம்" என்றார் டைல்ஸ்காரர். "இணைச்சிருக்கேன்னு எழுதியிருக்கா, ஆனா ஒண்ணுமே இல்லை. அவ்வளவு பதட்டத்துல எழுதியிருக்கா. பக்கத்துல எவனோ நின்னு மிரட்டியிருக்கான். எனக்கு நெஞ்சு பதறுது."

அத்தை கதவின் வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு கனமான தாழ்ப்பாள் இருந்தது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை.

"முன்னாடி ஸ்டோர் ரூமா இருந்துச்சு மேடம்" என்றார் அவர், நாங்கள் கேட்காமலேயே.

"சரி" என்றார் அத்தை.

"அவ எங்கே இருக்கான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க. நீங்க யாரும் போய்ப் பேச வேண்டாம், பயந்துடுவா. எனக்கு ஒரு மெயில் போடுங்க, போதும். நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

பாசமுள்ள அண்ணன் என்று நினைத்துக்கொண்டேன். இறங்கும்போது அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார், வழுக்கிவிடக் கூடாதென்று. பிடி கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது.

வண்டியில் ஏறியதும் அத்தை கேட்டார். "மருமகனே, அந்தாளு நம்மகிட்ட ஒரு கேள்வி கேட்கவே இல்லை, கவனிச்சியா?"

"பீஸ் எவ்வளவுன்னு கேட்கலை. அதனாலதான் எனக்கு அவர்மேல அவ்வளவு மரியாதை."

"எங்கே இருக்கா, எங்கே இருக்கான்னு ஆயிரம் தடவை கேட்டாச்சு. எப்படி இருப்பாளோன்னு ஒரு தடவை கூடச் சொல்லலை."

"தலைக்கு மேல கவலை இருக்கும்போது இலக்கணமா புலம்ப முடியுமா அத்தை?"

அத்தை கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துவிட்டு, வண்டியை எடுக்கச் சொன்னார்.

*

எங்களிடம் இருந்த ஒரே துப்பு, அந்தப் பெண்ணுக்குக் கணினி கற்றுக்கொடுத்த டீச்சர். பார்வையற்றவர்களுக்கான பயிற்சி மையம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. உள்ளே நுழைந்தால் ஒரே இருட்டு. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. எங்கிருந்தோ ஒரு குரல் மட்டும் தையல் மெஷின் ஓடுகிற வேகத்தில் கடகடவென்று ஏதோ பேசிக்கொண்டிருந்தது. மனிதக் குரல் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அடுத்த அடி எடுத்து வைத்ததும் ஒரு நாற்காலி என் முழங்காலைப் பதம் பார்த்தது.

குரல் நின்றது.

"லைட் சுவிட்ச் கதவுக்கு இடது பக்கம் இருக்கு" என்றது ஒரு பெண்ணின் நிதானமான குரல். "கண்ணு தெரியறவங்க வசதிக்காக வச்சிருக்கோம். பாவம், அவங்களால இருட்டுல எதுவும் பண்ண முடியாது."

விளக்கைப் போட்டேன். நரை ஓடிய கூந்தலை இறுக்கமாகப் பின்னிய பெண்மணி ஒருவர், கடைசி மேஜையில் கணினி முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வகுப்பு முடிந்து மாணவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

"ரெண்டு பேர் வந்திருக்கீங்க" என்றார். "உங்க வண்டிக்குப் பின்னாடியே இன்னொரு வண்டி வந்து நின்னுதே, அதுவும் உங்க ஆளா?"

"இல்லையே" என்றேன்.

"ஜெராக்ஸ் கடைக்கு வந்திருப்பாங்க போல. ஆனா யாரும் இறங்கலை. எஞ்சினையும் அணைக்கலை."

ஜன்னலைத் திறந்து பார்த்தேன். தெருவின் எதிர்ப்பக்கம் மரத்தடியில் ஒரு சாம்பல் நிற வண்டி நின்றது. கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அத்தை வந்த விஷயத்தைச் சொன்னார். மாணவியின் பெயரைக் கேட்டதும் டீச்சரின் முகம் மலர்ந்தது. "யார் அனுப்பினாங்க உங்களை?" என்றார்.

"அவளோட அண்ணன்."

மலர்ந்த முகம் கதவைச் சாத்தின மாதிரி ஆகிவிட்டது. "அவ எங்கே இருக்கான்னு எனக்குத் தெரியாது. வேற ஏதாவது இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு" என்றார் அத்தை. "மருமகனே, அந்த மெயிலைப் படி."

படித்தேன். படித்துவிட்டு, சூழ்நிலையின் இறுக்கத்தைக் குறைக்கலாமே என்ற நல்ல எண்ணத்தில் சேர்த்துச் சொன்னேன். "பாவம், இணைச்சிருக்கேன்னு எழுதிட்டு ஃபைலை இணைக்க மறந்துட்டாங்க. எல்லாரும் பண்றதுதான். என் மெயில்ல பாதி அப்படித்தான் போகும்."

"நீங்க மறப்பீங்க" என்றார் டீச்சர். "என் ஸ்டூடண்ட் மறக்க மாட்டா."

"பதட்டத்துல..."

"வீடு இடிஞ்சு விழுந்தாலும் மறக்க மாட்டா. அதை நான் சொல்லிக் கொடுத்திருக்கேன் தம்பி. இப்படி வந்து உட்காருங்க. அவ எப்படி மெயில் போடுவான்னு காட்டறேன்."

எங்களை வெளியே அனுப்பத் துடித்துக்கொண்டிருந்தவர், தன் பாடத்தைக் குறை சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார். அத்தையின் உதட்டோரம் லேசாக அசைந்தது. இதற்காகத்தான் என்னை வாயைத் திறக்க விட்டிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

டீச்சரின் விரல்கள் விசைகளின் மேல் ஓடின. மறுபடியும் அந்தக் கடகடப்பு கிளம்பியது.

"இது என்ன மொழி?" என்றேன்.

"தமிழும் இங்கிலீஷும்தான். எங்களுக்கு இந்த வேகம் பழக்கம். உங்களுக்குப் புரியணுமே, குறைக்கறேன்."

ஏதோ ஒரு விசையைத் தட்டத் தட்ட, குரல் படிப்படியாக நிதானத்துக்கு வந்தது. ரயில் நிலைய அறிவிப்பு போல ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. புதிய அஞ்சல் என்றது. பெறுநர், காலி என்றது.

"நீங்க என்ன பண்ணுவீங்க? முதல்ல யாருக்குன்னு முகவரியைப் போடுவீங்க. அப்புறம் கதை எழுதுவீங்க. கடைசியில ஃபைல் ஞாபகம் வரும், இல்லைன்னா வராது. உங்களுக்குத் திரையில ஒரு பார்வையில எல்லாம் தெரிஞ்சுடும்னு தைரியம். எங்களுக்கு அது இல்லை. ஒவ்வொண்ணா காதுல கேட்டுத்தான் தெரியும். அதனால நாங்க தலைகீழ். முதல்ல ஃபைல்."

ஒரு விசையைத் தட்டிக்கொண்டே போனார். கோப்பை இணை, பொத்தான் என்றது குரல். அழுத்தினார். கோப்புகளின் பட்டியல் திறந்தது. அம்புக்குறி விசையைத் தட்டத் தட்ட, ஒவ்வொரு கோப்பின் பெயரையும் குரல் வாசித்தது.

'எட்டாவது பாடம் சுருக்கு விசைகள்.'

'மின்சார வாரியத்துக்குப் புகார்.'

'நம்ம பொண்ணு வாடகை ஒப்பந்தம், பால் பண்ணைத் தெரு, கடைசி வீட்டு மாடி.'

'புது மாணவர்கள் சேர்க்கை.'

டீச்சர் நிற்காமல் தாண்டிப் போனார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். நம்ம பொண்ணு. பால் பண்ணைத் தெரு. அத்தையைப் பார்த்தேன். அத்தை எதுவுமே காதில் விழாதவர் மாதிரி கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரெல்லாம் இவ்வளவு நீளமா வைப்பீங்களா?" என்று கேட்டேன், குரல் நடுங்காமல்.

"வச்சாத்தான் கேட்டதும் எதுன்னு புரியும். ஒரு தட்டு கூடப் போச்சுன்னா பக்கத்து ஃபைல் ஏறிடும். அதனால இணைச்சதும் திரும்பி வந்து, ஏறினது எதுன்னு பேரைக் கேட்போம்." பட்டியலின் தொடக்கத்துக்குத் திரும்பி முதல் கோப்பை இணைத்துக் காட்டினார். எட்டாவது பாடம் சுருக்கு விசைகள், இணைக்கப்பட்டது என்றது குரல். "இதைக் காதால கேட்ட பிறகுதான் இணைச்சிருக்கேன்னு எழுதுவோம். முகவரி எல்லாத்துக்கும் கடைசி."

"ஏன் கடைசி?" என்றார் அத்தை.

"கை தவறி அனுப்பு பட்டன்ல பட்டுட்டாலும், முகவரி இல்லாத மெயில் எங்கேயும் போகாது இல்லையா? எல்லாம் சரியா இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் யாருக்குன்னு சொல்லணும். அவளுக்கு இது மூச்சு விடற மாதிரி."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பெண் மறக்க மாட்டாள் என்றால், அந்த மெயிலை எழுதியது அவளே அல்ல. பார்வையுள்ள எவனோ அவசரத்தில் எழுதி, இணைக்க மறந்திருக்கிறான். பெண்ணைக் கடத்திப் பால் பண்ணைத் தெருவில் அடைத்து வைத்திருக்கிறார்கள். வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்தது இதோ, நமக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும் இந்த அம்மாள். அதனால்தான் அண்ணன் என்றதும் முகம் சுண்டிப்போனது. என் மூளையை நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

"ஒரு போன் பேசிட்டு வரேன்" என்று நழுவினேன்.

வராந்தாவில் நின்று எங்கள் நிறுவனத்தின் முத்திரை போட்ட தாளில் அறிக்கை தயார் செய்தேன். அந்த முத்திரை நானே வரைந்தது. பூதக்கண்ணாடிக்குள் ஒரு கண். இதுவரை பயன்படுத்தச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை. முகவரியை நடுவில் கொட்டை எழுத்தில் போட்டு, கோப்பாகச் சேமித்து, டைல்ஸ்காரருக்கு மெயில் அடித்தேன். தங்கள் சகோதரியின் இருப்பிடம் பற்றிய அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. அனுப்பு. அவர் நெஞ்சு பதறுவது நின்றிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கே கண் கலங்கியது.

*

உள்ளே வந்தபோது அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். "ஒருத்தர் தனக்கு வந்த மெயிலை இன்னொருத்தருக்கு அப்படியே அனுப்பி வச்சா, அதுல இருக்கற ஃபைலும் கூடப் போகுமா?"

"பதில் போட்டா போகாது. ஃபார்வர்ட் பண்ணா தானாவே போகும்."

"போக வேண்டாம்னா?"

"நீங்களா எடுக்கணும். பக்கத்துல சின்னதா பெருக்கல் குறி இருக்குமாம், அதைத் தொட்டா ஃபைல் கழண்டுடும்."

"தானா கழலாது?"

"எப்படிக் கழலும்?"

அத்தை மெதுவாக எழுந்தார். "மருமகனே, என் ஆபீஸ்ல அடிக்கடி ஒரு புகார் வரும். உறை வந்து சேர்ந்திருக்கும், உள்ளே இருந்தது இருக்காது. புதுசா வேலைக்கு வர்றவங்க எல்லாரும் அனுப்பினவங்களைத்தான் சந்தேகப்படுவாங்க. வைக்க மறந்திருப்பாங்கன்னு. நான் ஒரு நாளும் அனுப்பினவங்களைக் கேட்டதில்லை. நடுவுல யார் கை பட்டுதுன்னு பார்ப்பேன்."

"இங்கே நடுவுல யாரு..." என்று ஆரம்பித்த நான் நிறுத்திக்கொண்டேன்.

"அந்த மெயிலை அவதான் எழுதியிருக்கா. அவ எழுதினா ஃபைல் இருந்தே தீரும். அதைக் கழட்டிட்டு நமக்கு அனுப்பினது ஒரே ஒரு கை. காலையில படியில உன் கையைப் பிடிச்சுக்கிச்சே, அதே கை."

விளக்கு எரிந்துகொண்டிருந்தும் அறை மறுபடி இருண்ட மாதிரி இருந்தது.

"வெளியில தாழ்ப்பாள் போட்ட ரூம்ல இருந்த பொண்ணு அவ" என்றார் அத்தை. "அவளை யாரும் கடத்தலை. தப்பிச்சு ஓடியிருக்கா. அவர் தேடி வந்தா இந்த டீச்சர் சொல்ல மாட்டாங்க. அதனால நம்மளைத் தேட வச்சிருக்கார். நல்லவேளை, அந்தத் தெருப் பேரை நாம ரெண்டு பேர்தான் கேட்டோம்."

"எந்தத் தெருப் பேரு?" என்றார் டீச்சர்.

டீச்சர் தன் விசைப்பலகையைத் தொட்டார். அம்புக்குறி விசையின் மேல் விரல் நின்றது. அவருக்கே விளங்கிவிட்டது.

"ஐயோ" என்றார், மிக மெல்லிய குரலில். "எப்பவும் ஓடற வேகத்துல யாருக்கும் புரியாதுங்கற தைரியம். உங்களுக்காக நான்தான் குறைச்சேன்."

"அத்தை" என்றேன். "நான் அனுப்பிட்டேன்."

"எதை?"

"அறிக்கையை. அவருக்கு. இப்பத்தான், வராந்தாவுல நின்னு."

அத்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் அதற்குள் போனை எடுத்து அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டிருந்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தார். நான் ஜன்னலுக்கு ஓடினேன். சாம்பல் நிற வண்டி அங்கேயே நின்றது. கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஒருவர் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடித்த கைக்குட்டை சட்டைப் பையில் தெரிந்தது.

அந்த நேரத்தில் என் போன் ஒலித்தது. மின்னஞ்சல்.

'தம்பி, அறிக்கை இணைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இணைப்பு எதுவும் இல்லையே. உடனே அனுப்பவும்.'

இரண்டு முறை படித்தேன். அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். முத்திரையை ரசித்துக்கொண்டே நின்றதில் கோப்பை இணைக்கவே இல்லை. என் மறதிக்காக அப்பா என்னை எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். முதல் முறையாக அந்த மறதியை நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அத்தை போனை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, "உனக்கு மூளை இருந்திருந்தா ஒரு உயிர் போயிருக்கும்" என்றார். இதைவிடப் பெரிய பாராட்டை நான் அவரிடமிருந்து வாங்கியதில்லை.

டீச்சரின் போனில் மறுமுனை எடுத்தது. "டீச்சர்?" என்ற குரல், தூக்கத்திலிருந்து விழித்த குழந்தையின் குரல் மாதிரி பயந்திருந்தது. டீச்சர் சுருக்கமாகச் சொன்னார். அத்தை போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் உங்க அண்ணன் அனுப்பின ஆள்தான்மா. ஆனா இப்ப உன் பக்கம். நீ இணைச்சதை அவர் எங்களுக்குக் காட்டலை. என்ன அது?"

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"டீச்சருக்கு அனுப்பறேன்" என்றாள். "டீச்சர், உங்ககிட்ட மறைச்சதுக்கு மன்னிச்சுடுங்க. கேட்டா உங்களுக்கும் ஆபத்துன்னுதான் சொல்லலை."

மெயில் வந்தது. அவளுடைய அண்ணனுக்குப் போன அதே கோப்பு. அதன் பெயரைக் குரல் நிதானமாக வாசித்தது. 'அம்மா கடைசியாகப் பேசியது.'

டீச்சர் திறந்தார். முதலில் விசைகளைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் வேலை செய்யும்போது தற்செயலாகப் பதிவாகியிருக்க வேண்டும். பிறகு கதவுக்கு வெளியே வயதான ஒரு பெண்ணின் குரல். "தாழ்ப்பாளைத் திறடா. அவ வேலைக்குப் போகட்டும். எத்தனை நாள் அடைச்சு வைப்பே?" பதிலுக்கு ஓர் ஆண் குரல், எங்களுக்கு நன்றாகத் தெரிந்த குரல். "நீ இதுல தலையிடாதம்மா. கீழே போ." "நான் திறக்கறேன், தள்ளு." "தாழ்ப்பாள்லேர்ந்து கையை எடு." "கையை விடுடா. விழுந்துடுவேன்டா."

அப்புறம் அந்தச் சத்தம். பளபளப்பான படிகள் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்தன.

பதிவு அங்கே முடியவில்லை. உள்ளே அந்தப் பெண், அம்மா, அம்மா என்று கதவைத் தட்டினாள். கீழிருந்து காலடிச் சத்தம் மேலே வந்தது. ஓடி வரவில்லை, நிதானமாக வந்தது. கதவருகே நின்றது. தாழ்ப்பாள் சரியாகப் போட்டிருக்கிறதா என்று ஒரு முறை அசைத்துப் பார்க்கும் சத்தம். பிறகு அவர் சொன்னார். "நான் கடையில இருக்கேன். புரிஞ்சுதா?"

டீச்சரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. யார் அழுதாலும் அழுகிறவன், அன்றைக்கு அந்த மனிதனின் கைக்குட்டையை நினைத்துக்கொண்டு நின்றேன்.

*

"இது இருக்கறவரைக்கும் அவளை விட மாட்டார்" என்றார் அத்தை. தன் போனை எடுத்து என் அப்பாவை அழைத்தார். "தம்பி, உன் பையன் ஒரு ஆளை உன் வீட்டுக்கு அனுப்பப் போறான். ஸ்டேஷன்லேர்ந்து நாலு பேரைக் கூட்டிட்டுப் போய் மாடியில உட்காரு. பால் பண்ணைத் தெரு கடைசி வீட்டு மாடிக்கும் ரெண்டு பேரை அனுப்பு, அங்கே ஒரு பொண்ணு இருக்கா."

"அந்தத் தண்டம் என்ன பண்ணி வச்சான்?" என்ற அப்பாவின் குரல் எனக்கே கேட்டது.

"ஒண்ணும் பண்ணலை. அதான் நல்லதாப் போச்சு."

கிணற்றுச் சந்தில் இருக்கும் எங்கள் வீட்டு முகவரியைக் கொட்டை எழுத்தில் போட்டுப் புது அறிக்கை தயார் செய்தேன். அதே முத்திரை. மெயிலைத் திறந்து பழக்கதோஷத்தில் முதலில் முகவரியைத் தட்டப் போனேன்.

"தம்பி" என்றார் டீச்சர். "போனைக் கொடுங்க."

வாங்கி எதையோ இரண்டு மூன்று முறை தொட்டார். என் போன் பேச ஆரம்பித்தது. "உங்க போன்லயும் இந்தக் குரல் இருக்கு. நீங்கதான் எழுப்பினதே இல்லை. இப்ப நான் சொல்ற மாதிரி பண்ணுங்க. முதல்ல ஃபைல்."

கோப்புகளைத் திறந்தேன். திரையில் அறிக்கை என்று ஒன்று இருந்தது. அதன் கீழேயும் அறிக்கை என்று ஒன்று இருந்தது. நீளமான பெயர்களின் மிச்சம் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. இரண்டிலும் அதே பூதக்கண்ணாடி, அதே கண். புதியதுதான் மேலே இருக்கும் என்று மேலே இருந்ததை இணைத்தேன்.

"பேரைக் கேளுங்க" என்றார் டீச்சர்.

தொட்டேன்.

'அறிக்கை, பால் பண்ணைத் தெரு, இணைக்கப்பட்டது' என்றது குரல்.

என் விரல் அந்தரத்தில் நின்றது. நெற்றியிலிருந்து வியர்வை திரையில் சொட்டியது. முகவரியை மட்டும் முதலில் போட்டிருந்தால், இந்த விரல் எங்கே பட்டிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. டீச்சரின் போனில் இன்னும் இணைப்பிலேயே இருந்த அந்தப் பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கழட்டுங்க" என்றார் டீச்சர், குரல் மாறாமல். "இன்னொண்ணைப் போடுங்க. திரும்பவும் கேளுங்க."

பெருக்கல் குறியைத் தொட்டேன். பழைய அறிக்கையைப் போனிலிருந்தே அழித்தேன். கீழே இருந்ததை இணைத்தேன். தொட்டுக் கேட்டேன்.

'அறிக்கை, கிணற்றுச் சந்து, இணைக்கப்பட்டது.'

"இன்னொரு தடவை" என்றது அந்தப் பெண்ணின் குரல். முதன்முதலாக அவள் என்னிடம் பேசியது அதுதான்.

இன்னொரு தடவை தொட்டேன். குரல் கிணற்றுச் சந்து என்றே சொன்னது. பிறகுதான் மன்னிக்கவும், மறந்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதினேன். எல்லாவற்றுக்கும் கடைசியில் அவர் முகவரியைப் போட்டேன்.

'அனுப்பப்பட்டது' என்றது போன்.

பதில் வரத் தாமதமாகவில்லை. 'நன்றி தம்பி. அவளிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். நான் வருவது தெரியாமல் இருக்கட்டும்.' போன் அதையும் அதே நிதானமான குரலில், எந்த உணர்ச்சியும் இல்லாமல் வாசித்து முடித்தது.

"வண்டி கிளம்புது" என்றார் டீச்சர்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாம்பல் நிற வண்டி மரத்தடியிலிருந்து அவசரமே இல்லாமல் தெருவுக்கு வந்தது. முனைக்குப் போனதும் கொஞ்சம் நின்றது. இடப்பக்கம் பால் பண்ணைத் தெரு, வலப்பக்கம் எங்கள் வீடு. அத்தை என் தோளைப் பிடித்திருந்தார். பிடி வலித்தது.

"எந்தப் பக்கம்?" என்றாள் அந்தப் பெண், போனில்.

வண்டி வலப்பக்கம் திரும்பியது. நான் அதை அவளிடம் சொன்னேன். அவள் அழத் தொடங்கினாள். பின்னணியில் அவளுடைய மாடிப்படியில் யாரோ ஏறி வரும் பூட்ஸ் சத்தம் கேட்டது. அழுகையை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டு பேர்" என்றாள். "போலீஸ்தானே?"

"போலீஸ்தான்மா" என்றார் அத்தை. "எழுந்து போய், நீயே உள்ளேருந்து தாழ்ப்பாளைத் திற."